ஈரத்துணி, பி சைடு

கிரீஷ் மைக்கைப் பிடித்து, "இவங்க தேவானை. ஃபர்ஸ்ட் ஜெனரேஷன் கிராஜுவேட்" என்று என்னை அறிமுகப்படுத்தினான். லஸ் பக்கத்து மாடி ஹாலில் ஜமக்காளம் விரித்து முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட "இவர் மூன்றாம் தலைமுறைப் பட்டதாரி" என்று யாரும் அறிமுகப்படுத்தவில்லை. எனக்கு எரிந்தது. ஆனால் காலையில் பெரும்பாக்கத்தில் பஸ் ஏறி, அடையாறில் ஆபீஸ் வேலை பார்த்து, அங்கிருந்து மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் கோபப்படும் தெம்பில் பாதி கரைந்துபோயிருந்தது. மீதியை வைத்துக்கொண்டு கட்டுரைத் தாளைப் பிரித்தேன்.

கிரீஷ் என் முதலாளி. அடையாறில் அவன் வீட்டு மாடியில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி நடத்துகிறான். பழைய கறுப்புத் தட்டுதான். வசதியான வீடுகளில் அதற்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. நான் அங்கே இன்ஸ்டாகிராமுக்கு இரண்டு வரி, போஸ்டருக்கு ஒரு வரி என்று எழுதிக்கொடுக்கிறவள். என் பேர் எதிலும் வராது.

இந்த வருடம் நாஸியாவின் முதல் தட்டை மறுபதிப்பாகக் கொண்டுவர கிரீஷ் முடிவுசெய்தான். சினிமாவுக்குப் பாடாமலே பேர் வாங்கியவள் நாஸியா. லிஃப்ட் சத்தம், குழாய்ச் சத்தம், தன் குரலையே பத்து அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று போட்டது என்று அவள் பாட்டு ஒரு மாதிரி இருக்கும். ஆர்ட்-பாப் என்கிறார்கள். இப்போது வெளிநாட்டு விழாக்களில் பாடுகிறாள். பத்து வருடத்துக்கு முன், யாருக்கும் தெரியாதவளாக இருந்தபோது, ஒரு சின்னத் தட்டு போட்டாள். ஏ சைடில் 'ஏழாம் மாடி'. பி சைடில் 'ஈரத்துணி'. இரண்டையும் அவள் இணையத்தில் ஏற்றவே இல்லை. முதல் பாட்டின் கோப்பு மட்டும் கிரீஷிடம் இருந்தது. இரண்டாவது இருந்த ஹார்ட் டிஸ்க் வெள்ளத்தில் போய்விட்டது.

"'ஈரத்துணி' யாராச்சும் கேட்டிருக்கீங்களா?" என்று ஆபீஸில் ஒருநாள் கேட்டான். நான் கை தூக்கினேன். கேட்டதாவது! எனக்கு அது மனப்பாடம். பன்னிரண்டாவது படிக்கும்போது எங்கள் தெருப் பையன் யாசிர் மெமரி கார்டில் ஏற்றிக்கொடுத்தான். அப்போது அவன் சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் இருந்தான். கடைக்கு யாரோ கொண்டுவந்த தட்டிலிருந்து எடுத்த பாட்டு. எங்களை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பிப் பெரும்பாக்கத்தில் போட்ட பிறகு, அங்கிருந்து சிட்டி காலேஜுக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மூன்று வருடம் என் காதில் ஓடியது அந்த ஒரு பாட்டுதான். அவ்வளவு மெதுவான பாட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இந்த ஊரில் என்னைப்போலவே அசந்துபோன ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றும்.

"அப்ப தட்டு உறையோட பின்பக்கம் நீயே எழுது" என்றான் கிரீஷ். "ரெண்டு சைடும் எப்படின்னு ஒரு மதிப்பீடு. உன் பேர் போடறேன். நல்லா வந்தா இனிமே வர்ற தட்டுக்கெல்லாம் நீதான் ரைட்டர். கேப்ஷன் வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

எங்கள் குடும்பத்தில் பேர் அச்சானதெல்லாம் ரேஷன் கார்டிலும் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையிலும்தான். எழுதினேன். கிரீஷ் படித்துவிட்டு "வேற லெவல்" என்றான். எழுதியதன் அடியில் தேவானை சேட்டு என்று என் பேரையும் என் அப்பா பேரையும் சேர்த்துப் போட்டு உறையை வடிவமைத்தார்கள். அச்சுக்குப் போகுமுன் லஸ் கூட்டத்தில் நானே அதைப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அது தட்டு சேர்ப்பவர்களின் கூட்டம். சண்முகசுந்தரம் என்ற ரிட்டயர்டு இன்ஜினியர் தன் பிளேயரைத் தூக்கிவந்து மாதம் ஒரு தட்டு போடுவார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் முதலில் பேசி முடித்துவிட வேண்டும். தட்டு அப்புறம்தான் சுழலும். பாடியவர் வந்திருந்தால் இரண்டு சைடும் ஓடி முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நாஸியா வந்திருந்தாள். முன்வரிசையில், முட்டியைக் கட்டிக்கொண்டு.

நான் படித்தேன்.

"'ஏழாம் மாடி' பாடுகிற பெண் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வளர்ந்தவள். கண்ணாடிபோல மெலிந்து உயர்ந்த குரல். கீழே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தட்டைத் திருப்பினால் வேறொருத்தி. 'ஈரத்துணி'யில் குரல் தரைக்கு இறங்கி, ஆண்குரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு சொல்லையும் பிழிந்து பிழிந்து கொடியில் போடுகிறாள். நாள் முழுக்க வேலை பார்த்த உடம்பிலிருந்து வரும் குரல். பேர் வந்த பிறகு நாஸியா இந்தக் குரலைக் கைவிட்டார். மேலே இருப்பவர்களின் காதுக்காக மேலேயே பாடினார். பி சைடுதான் அவர். ஏ சைடு அவர் போட்டுக்கொண்ட வேஷம்."

கைதட்டினார்கள். நாஸியா தட்டவில்லை. புருவத்தைச் சுருக்கி என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சண்முகசுந்தரம் உதட்டில் விரல் வைத்துக் காட்ட, மூடிக்கொண்டாள்.

'ஏழாம் மாடி' ஓடியது. கிரீஷின் கோப்பில் நான் கேட்டிருந்த அதே பாட்டு. சண்முகசுந்தரம் தட்டைத் திருப்பி ஊசியை வைத்தார்.

கீச்சென்று ஒரு குரல். பின்னால் டப் டப்பென்று துணி துவைக்கிற தாளம். "ஈரத்துணி காயவில்லை, இன்னும் கொஞ்சம் நில்லு வெயிலே" என்று துள்ளிக்குதித்து ஓடியது பாட்டு.

"சார், ஸ்பீடு தப்பா இருக்கு" என்றேன். மைக் இன்னும் என் கையில் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டது.

"நாப்பத்தஞ்சுலதாம்மா வச்சிருக்கேன். தட்டுலயே போட்டிருக்கு, பாருங்க."

"இல்ல சார். இது அந்தப் பாட்டு இல்ல. கொஞ்சம் நிறுத்துங்க."

அவர் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்துவது அங்கே பழக்கமில்லை போல. பின்வரிசையில் ஒரு ஆள், "நாள் முழுக்க வேலை பார்த்தவ குரல்னீங்களேம்மா? இவ ஸ்கூல் விட்டு ஓடி வர்றவ மாதிரி இருக்காளே" என்றார். சிரிப்பு கிளம்பியது. கெட்ட சிரிப்பு இல்லை. பிரியமாகத்தான் சிரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் நாஸியா எழுந்தாள். "எனக்கு அப்ப இருவது வயசு. என் தொண்டை அப்படித்தான் இருந்தது. நான் எதையும் மேல ஏத்தலைங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எதைக் கேட்டீங்க?" என்றாள். கேலியாக அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மைக்கை வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

கீழே டீக்கடையில் யாசிர் இருந்தான். இப்போது அவன் சவுண்டு சர்வீஸில் இருக்கிறான். அன்றைக்கு ஹாலுக்கு மைக் செட் போட்டவனும் அவன்தான். போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கியிருந்தான்.

"இன்னா தேவா, அதுக்குள்ள முட்ச்சிட்டாங்களா?"

"என்னை முடிச்சிட்டாங்க. டேய், அந்தப் பாட்ட எந்த ஸ்பீடுல எடுத்த?"

"ஸ்பீடா? அதுல இன்னா ஸ்பீடு கீது? ஓனரு ஒரு பொட்டி வச்சிருந்தாரு. தட்ட மேல வச்சேன், சுத்துச்சு."

"பெரிய தட்டுக்கு ஒரு ஸ்பீடு, சின்னத் தட்டுக்கு ஒரு ஸ்பீடாம்."

"அதெல்லாம் யாரு சொன்னா எனக்கு?"

"அந்தப் பக்கம் இன்னொரு பாட்டு இருந்துச்சே, அதை ஏன் குடுக்கல?"

"அது பேய் பேசுற மேறி இருந்துச்சு. டெலீட் பண்ட்டேன். இது நல்லா கீதேன்னு உனுக்கு வச்சேன்."

"பேய் மாதிரி இருந்தப்பகூட டவுட் வரலையா?"

"இந்த மேறி ஆளுங்க பாட்டே அப்டித்தான்னு நெனச்சேன்" என்றான் யாசிர். பாவம், அவன் முகத்தைப் பார்த்து எனக்குத் திட்டவும் வரவில்லை.

பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, சின்னத் தட்டு நாற்பத்தைந்து சுற்று என்பது ஹாலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதை அவர்கள் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டில் பிளேயர் இருந்தது, அவ்வளவுதான். நான் மெதுவாகச் சுற்றிய ஒரு தட்டைக் கேட்டு, அதற்குள் ஒரு பெண்ணை உட்காரவைத்து, அவள் மாறிவிட்டாள் என்று வேறு கோபப்பட்டிருக்கிறேன்.

நாஸியாவும் கிரீஷும் இறங்கி வந்தார்கள். நாஸியா நேராக என்னிடம் வந்தாள். "உங்ககிட்ட இருக்கறதைக் கேக்கலாமா?"

யாசிர் நடந்ததைச் சொல்லி, செல்லில் பாட்டைத் தேடி எடுத்து இயர்போனை நீட்டினான். அவள் காதில் வைத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் போகிறவர்களுக்கு வழிவிட்டபடியே, முழுப் பாட்டையும் கேட்டாள். கடைசியில் சிரித்துவிட்டாள்.

"அல்லா! நான் எவ்ளோ சோகமா இருக்கேன்!"

கிரீஷ் வாங்கிக் கேட்டான். பாதி கேட்டதுமே அவன் முகம் மாறியது. "நாஸியா, இது செம. இதான் இப்ப டிரெண்டே. மூணாவது டிராக்கா போடறோம். 'பெரும்பாக்கம் வெர்ஷன்'." என் பக்கம் திரும்பினான். "தேவானை, நீ ஒண்ணுமே மாத்த வேணாம். கடைசில ஒரு பாரா மட்டும் சேரு. வீட்ல பிளேயர் கிடையாது, மெமரி கார்டு, தப்பான ஸ்பீடு, அதைக் கேட்டுட்டே பஸ்ல அழுதது..."

"நான் அழுதேன்னு யாரு சொன்னா?"

"ஒரு ஃபீலுக்கு, ப்பா."

"உன் ஆபீஸ் சுவத்துல அந்தத் தட்டு கண்ணாடி போட்டு மாட்டியிருந்துச்சு இல்ல? அதுக்குக் கீழதான நான் உக்காந்து இதை எழுதினேன். நான் எழுதினதை நீ படிச்ச. உறை டிசைனுக்கு பெங்களூருக்கு அனுப்பின. குரல் ஆம்பளை குரல் மாதிரின்னு எழுதியிருக்கேனே, அப்பகூட உனக்கு ஒண்ணும் தோணலையா?"

கிரீஷ் நாஸியாவைப் பார்த்தான். பிறகு டீ கிளாஸைப் பார்த்தான்.

"நீ பி சைடைக் கேட்டதே இல்ல" என்றேன்.

"எல்லாரும் ஏ சைடுதான் போடச் சொல்லுவாங்க" என்றான்.

நாஸியா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். "ஸோ ஸ்வீட்" என்றாள். அப்புறம் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

கிளம்பும்போது கிரீஷ் என்னிடம் தணிந்த குரலில், "அந்த ஒரு பாரா எழுதிடு. இனிமே வர்ற தட்டு வரிசை பூரா உனக்குத்தான். மண்டே அச்சுக்கு அனுப்பணும்" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அது பெரிய வேலையே இல்லை. பத்து வரி. ஏழைப் பெண், ஓட்டைச் செல்போன், தப்பான வேகம், சரியான கண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். தட்டு வாங்குகிறவர்கள் சோபாவில் சாய்ந்து படித்து "ச்சோ" என்பார்கள். என் பேர் அடியில் இருக்கும். அந்தப் பத்து வரிக்குக் கீழே இருக்கிற பேர் யாருடையது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டதும் சண்முகசுந்தரம் இரண்டு சைடையும் தட்டிலிருந்து எடுத்துச் செல்லுக்கு அனுப்பினார். மதிப்பிட வேண்டியது இந்தத் தட்டு. கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்கக் காதில் பழையதுதான் ஓடியது. புதியது அதன்மேல் ஈபோல் பறந்துகொண்டிருந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னாமே அது, துணி காயலன்னு ஒர்த்தி அந்தக் கத்து கத்றா?" என்றாள்.

"பாட்டும்மா."

"மொட்டமாடில போய்ப் போடச் சொல்லு, காயும். அதுக்கு எதுக்கு வெயில கூப்புட்றா."

அவ்வளவுதான் அந்தப் பாட்டு. அம்மா சொன்ன அளவுதான். துவைக்கிற தாளம் அழகாக இருக்கும் என்று நாஸியா நினைத்து வைத்திருக்கிறாள். ஒரு பக்கெட் துணியை அவள் துவைத்ததாகத் தெரியவில்லை. மெதுவாக ஓடியபோது அந்தப் பொய்யெல்லாம் நீண்டு நீண்டு வலிபோல ஆகியிருந்தது.

மாலையில் தண்ணீர் கேன் எடுக்கக் கீழே போனேன். லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் பிளாக்கில் அது ஓடினால்தான் செய்தி. காதில் 'ஏழாம் மாடி' இருந்தது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏறி வரும்போது நான்காவது மாடித் திருப்பத்தில் கேனை இறக்கி வைத்து மூச்சு வாங்கியபோதுதான் கவனித்தேன். பாட்டின் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. பத்து அடுக்குக் குரலும் நின்றுவிடுகிறது. ஒரு பெண்ணின் மூச்சு மட்டும். அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்று தெரிந்த மூச்சு. இத்தனை நாள் அந்த இடத்தை நான் பணக்கார வீட்டுப் பெண்ணின் ஸ்டைல் என்று தாண்டிப் போயிருந்தேன். கேனைத் தூக்காமல் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். மேலே இருந்து இறங்கிய அசோகன் மாமா, "இன்னா தேவானை, படிக்கட்டுல குடித்தனமா? நவுரு" என்றார். நகர்ந்தேன்.

எழுதுவதில் சிரமமே இருக்கவில்லை.

"'ஏழாம் மாடி' நல்ல பாட்டு. இருபது வயதில் ஒருவர் இப்படி ஒரு பாட்டைச் செய்தது ஆச்சரியம். நடுவில் வரும் மூச்சுக்காக இந்தத் தட்டை வாங்கலாம். குரல்களை அடுக்கியவர் எப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பதும் தெரிந்தவர். 'ஈரத்துணி' மோசமான பாட்டு. தெரியாத வேலையை விளையாட்டாகப் பார்க்கிறது. பி சைடை நிரப்ப வேண்டியிருந்ததால் நிரப்பியிருக்கிறார்கள். அது மெதுவாக ஓடினால் நன்றாக இருக்கும். ஆனால் அது அப்படிப் பாடப்படவில்லை."

என் கதை அதில் ஒரு வரிகூட இல்லை. அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனபோது நாஸியா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். உறையின் மாதிரித் தாள் மேஜையில் விரித்திருந்தது. கிரீஷ் என்னைப் பார்த்ததும், "என்ன தேவானை இது? ஒரு பாரா சேருன்னா மொத்தமா குழி தோண்டி வச்சிருக்க" என்றான்.

"மதிப்பீடுன்னுதான கேட்ட?"

"விக்கிற தட்டு மேலயே 'மோசமான பாட்டு'ன்னு எவனாச்சும் அச்சடிப்பானா?"

"மாட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. கேட்ட, சொன்னேன்."

நாஸியா தாளிலிருந்து நிமிர்ந்தாள். "படிச்சேன். அந்த மூச்சு, எங்க வாப்பா கடை இருந்த பில்டிங், தி. நகர்ல. லிஃப்ட்ல நிஜமாவே மாட்டிக்கிட்டேன். செல்லுல ரெக்கார்டு பண்ணேன். இத்தனை வருஷத்துல யாரும் அதைச் சொன்னதில்ல." தாளில் விரல் வைத்தாள். "பி சைடு பத்தி நீங்க எழுதினது..."

"தப்பா?"

"சரிதான். ஆனா அதை என் தட்டு மேல நானே ஏங்க போட்டுக்கணும்? நான் போட விடமாட்டேன்."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"போடாதீங்க" என்றேன். "ஆனா அந்தப் பழைய கட்டுரையும் வேணாம். பெரும்பாக்கம் வெர்ஷனும் வேணாம். பஸ்ல அழுத பொண்ணும் வேணாம்."

கிரீஷ் பேனாவைக் கீழே போட்டான். "ஹலோ, அதான் இந்த ரிலீஸோட ஹூக்கே. நாஸியா, நீயாவது சொல்லேன். தேவானை, நீ எழுதலைன்னா நான் எழுதிக்கறேன், உன் பேர் மட்டும் குடு."

"பேரைத் தர மாட்டேன்."

"அப்ப வரிசையும் கிடையாது. ஓகேவா?"

இப்படி ஆகும் என்று தெரிந்தேதான் வந்திருந்தேன்.

"ஓகே" என்றேன்.

நாஸியா மாதிரித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் என் பழைய கட்டுரை இருந்த இடத்தின்மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். "மூணாவது டிராக் வேணாம் கிரீஷ். அது என் குரல் இல்ல. பொட்டியோட குரல். இங்க காலியா விடு."

"முழுப் பின்பக்கமுமா?"

"முழுசா."

என் பேர்மேலும் கோடு போயிருந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்றாள் என்னிடம். "வாங்க" என்றேன்.

அவள் போன பிறகு கிரீஷ் மாதிரித் தாளைச் சுருட்டி வைத்தான். மத்தியானம் சாப்பிட்டு வந்து, என் மேஜைப் பக்கம் நின்று, வேறெங்கோ பார்த்தபடி, "அனவுன்ஸ்மென்ட் போஸ்ட் போகணும். ரெண்டு வரி குடு. பாசிட்டிவா" என்றான்.

கேப்ஷன் வேலைக்கு இன்னும் வேறு ஆள் வரவில்லை. இனி வரவும் மாட்டான். எழுதி அவன் செல்லுக்கு அனுப்பினேன். நின்றபடியே படித்தான்.

"நாஸியாவின் முதல் தட்டு, பத்து வருடம் கழித்து. ஏ சைடை முழுக்கக் கேளுங்கள், நடுவில் எழுந்து போகாமல்."

"பி சைடு?" என்றான்.

"பாசிட்டிவாதான கேட்ட?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு செல்லைப் பார்த்தான். கட்டை விரலால் அப்படியே ஏற்றிவிட்டு உள்ளே போனான். அடுத்த போஸ்டருக்கு ஒரு வரி பாக்கி இருந்தது. நான் அதை எடுத்தேன்.